என் சட்டைப்பையில் இருந்து போனவையும் திரும்பி வந்தவையும்

2022 தொடக்கம் வரை என் சட்டைப்பையில் இருந்தவை இவை: ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா, உள்ளங்கை அகலத்தில் ஒரு டைரி, மூக்குக்கண்ணாடி, மடித்த பத்து இருபது ரூபாய் நோட்டுகள், அப்புறம் டார்ச் அடிக்கும் நோக்கியா 1100. அந்த போனுக்கு பேட்டரி மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். மாடிப்படியில் உருண்டிருக்கிறது. ஒருமுறை ஊறவைத்த உளுந்துக்குள் விழுந்தது. துடைத்துக் காயவைத்தேன், மறுநாள் மணி அடித்தது. இதற்கு மேல் ஒரு போன் எதற்கு என்பதுதான் என் கட்சி.

நான் புரூஃப் பார்ப்பவன், அச்சாகும் முன் பிழை திருத்துகிறவன். 1983இல் மதுரையில் ஓர் அச்சகத்தில் கம்போசிங், அதாவது அச்சு எழுத்துக் கோப்பது, கற்றுக்கொள்ளப் போனேன். "உனக்குக் கை ஓடலடா, கண்ணு ஓடுது" என்று முதலாளி புரூஃப் மேசையில் உட்காரவைத்துவிட்டார். அன்றிலிருந்து அதே வேலைதான். மேசை மட்டும் அச்சகத்திலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவது எங்கள் தொழில். ஸ்மார்ட்போனையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். பஸ்ஸில் நாற்பது பேர் தலையைக் குனிந்துகொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். போனுக்குள் பணம் வைப்பதை, பீரோவைத் திறந்து வாசலில் நிறுத்துவதாகவே நினைத்தேன். என் மனைவி 2018இலேயே ஒன்று வாங்கிவிட்டாள். அவள் சமையல் வீடியோ பார்க்கும்போதெல்லாம், "உப்பு எவ்வளவு போடணும்னு அதைத்தான் கேக்கணுமா?" என்று நக்கலடிப்பேன். அவள் பதில் சொல்லமாட்டாள். அன்றைய குழம்பு நன்றாகவே இருக்கும்.

என்னை மாற்றியது வாதம் இல்லை, வேலை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்றால், அக்டோபரிலிருந்து எங்களுக்கு அறுவடைக் காலம். அதுவரை சென்னையிலிருந்து புரூஃப் கட்டு பஸ் பார்சலில் வரும். திருத்தி அடுத்த நாள் இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். ஊரடங்கில் அது நின்றது. நின்றது பிறகு திரும்பவே இல்லை. "பி.டி.எஃப். அனுப்பிடறோம் சார், வாட்ஸ்அப்ல பார்த்துச் சொல்லிருங்க" என்றார்கள். மனைவியின் போனுக்கு வரவழைத்து, கடைக்குப் போய்ப் பக்கத்துக்கு 2 ரூபாய் கொடுத்துப் பிரிண்ட் எடுத்தேன். 240 பக்க நூலுக்கு 480 ரூபாய். கூலியில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்த மகள், கணக்கைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போய் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கிவந்து என் மேசைமேல் வைத்தாள்.

முதல் மூன்று வாரம் பெரும்பாடு. தமிழ் ஆள் நான், தமிழிலேயே இருக்கட்டும் என்று திரை மொழியைத் தமிழாக்கிக்கொண்டேன். பேரன் ஓசூரிலிருந்து போனில் பாடம் நடத்துவான். "தாத்தா, செட்டிங்ஸ் போங்க." என் திரையில் செட்டிங்ஸ் என்று எதுவுமே இல்லை. அரைமணி நேரம் தேடினேன். அதற்கு அமைப்புகள் என்று பெயர் என்பது பிறகுதான் விளங்கியது. யார் நமக்குச் சொல்லித்தருகிறார்களோ அவர்கள் போன் எந்த மொழியில் இருக்கிறதோ, கற்றுக்கொள்ளும்வரை நம்முடையதும் அதே மொழியில் இருப்பது நல்லது. பழகிய பிறகு தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றிக்கொண்டேன்.

என் வயதுக்காரர்களுக்கு இன்னும் இரண்டு சொல்கிறேன். திரையை ஓரத்திலிருந்து தள்ளிப் பின்னால் போவது, கீழிருந்து இழுத்து முகப்புக்குப் போவது என்ற முறை நமக்கு ஒத்துவராது. வேண்டாத இடத்தில் விரல் பட்டு எங்கோ போய் நிற்போம். அமைப்புகளில் தேடினால், கீழே மூன்று பொத்தான்கள் நிரந்தரமாக இருக்கும்படி வைக்க வழி உண்டு. எழுத்தின் அளவைப் பெரிதாக்கும்போது, அதன் பக்கத்திலேயே காட்சி அளவு என்று ஒன்று இருக்கும், அதையும் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து மட்டும் பெருத்து, தொட வேண்டிய படங்கள் கடுகாகவே இருக்கும்.

தட்டச்சில் நான் லோயர் பாஸ். பத்து விரலால் அடித்தவன் இரண்டு கட்டைவிரலால் அடிப்பது, வண்டி மாட்டை வீட்டுக்குள் நடத்துவது மாதிரி இருந்தது. தமிழ் 99 விசைப்பலகையைப் போட்டுக்கொண்டபின்தான் வழிக்கு வந்தது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குத் தானாகவே புள்ளி வைத்துக்கொள்ளும். 'பக்கம்' என்று அடிக்க நடுவில் புள்ளியைத் தேட வேண்டாம். ஆனால் மேலே மூன்று மூன்றாகச் சொற்களை நீட்டுகிறதே, அந்தப் பட்டையை முதல் வாரமே அணைத்துவிட்டேன். அது பிழையான சொல்லையும் சரியான சொல்லையும் ஒரே மரியாதையோடு நீட்டும். கை அசந்தால் எடுத்துவிடுவோம். எழுதிப் பிழைப்பவர்கள் அதை அணைப்பதே நல்லது. மற்றவர்களுக்கு அது சௌகரியம்தான்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

அச்சுக் கோக்கிற காலத்தில் புரூஃப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலப்படியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார். அவருக்குக் காப்பி ஹோல்டர் என்று பெயர். மற்றவர் அதைக் கேட்டுக்கொண்டே காலி புரூஃபில், அதாவது பக்கம் பிரிக்கும் முன் நீளத் தாளில் எடுத்த அச்சுப்படியில், கண்ணை ஓட்டுவார். எனக்குப் பதின்மூன்று வருடம் படித்துக் காட்டியவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், காரைக்குடிப் பக்கம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் படிப்பதே தனி ராகம். காற்புள்ளி வந்தால் மேசையை ஒருமுறை தட்டுவார், முற்றுப்புள்ளிக்கு இரண்டுமுறை, பத்தி மாறினால் உள்ளங்கையால் ஒரு அடி. நாள் முழுக்க டொக், டொக்டொக் என்று அந்த அறை பேசிக்கொண்டே இருக்கும். டி.டி.பி. வந்தபின் கம்ப்யூட்டரில் அடிப்பவரே படித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முதலாளிகள் முதலில் நிறுத்தியது காப்பி ஹோல்டர்களைத்தான். 1996இல் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். அதன்பின் இருபத்தைந்து வருடம் தனியாகத்தான் பார்த்தேன். கண் மட்டுமே வேலை செய்தது.

போன் வந்து நான்காவது மாதம் இருக்கும். அமைப்புகளில், பார்வைக் குறை உள்ளவர்களுக்காக வைத்திருக்கும் பகுதிக்குள் ஏதோ துழாவிக்கொண்டிருந்தேன். திரையில் தேர்ந்தெடுத்த வரிகளைச் சத்தமாகப் படிக்கும் வசதி ஒன்று அதில் இருந்தது. தமிழிலும் படிக்கும் என்று தெரிந்ததும், திருத்திக்கொண்டிருந்த ஒரு நாவலின் வேர்ட் கோப்பைக் கேட்டு வாங்கி ஓடவிட்டேன். ஒரு பெண் குரல், உணர்ச்சியே இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல் படித்தது. மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினேன். "அவன் கதவைத் திருந்தான்" என்று படித்திருந்தது. நான் ஏற்கெனவே இரண்டுமுறை பார்த்து முடித்த பக்கம் அது. திறந்தான் என்று இருக்க வேண்டிய இடத்தில் திருந்தான் என்று இருந்திருக்கிறது. என் கண் தானாகவே திறந்துகொண்டு போய்விட்டது. கண்ணுக்கு அர்த்தம் தெரியும், அதனால் இல்லாததையும் இருப்பதாகப் படித்துக்கொள்ளும். இந்தக் குரலுக்கு அர்த்தம் தெரியாது, அதனால் உள்ளதை உள்ளபடி படிக்கிறது. அண்ணனுக்கும் வேகமாகப் படிக்கும்போது அர்த்தம் புரியாது என்பார்.

அந்த நாவலில் அப்படி இன்னும் பதினோரு பிழை கிடைத்தது. இரண்டு தடவை வந்த சொற்கள், விட்டுப்போன சொற்கள், பெயர் மாறிய பாத்திரங்கள். இதைக் கண்டுபிடித்த அன்று நோக்கியாவை டிராயருக்குள் வைத்தேன்.

எழுதுகிற எல்லோருக்கும் இந்த வழியைச் சொல்கிறேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை போனைப் படிக்கவிட்டுக் கேளுங்கள். கையில் தாளோ இன்னொரு திரையோ வைத்துக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டபடியே கேட்க வேண்டும். படுத்துக்கொண்டு கேட்டால் கதை கேட்டதாகத்தான் ஆகும். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் உள்ள எழுத்தைத்தான் அது படிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததைக் கொடுத்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு கூளத்தை எடுத்துப் படித்து நம்மைத் திடுக்கிடவைக்கும். அப்புறம், காதுக்கு எட்டாத பிழைகள் உண்டு. கரை படிந்த சட்டையையும் கறை படிந்த சட்டையையும் இந்தக் குரல் ஒன்றாகத்தான் படிக்கிறது. மனம், மணம் இரண்டும் அப்படியே. ஒற்று விட்டுப்போனதும் பல இடங்களில் தெரியாது. 'எடுத்து சென்றான்' என்பதற்கும் 'எடுத்துச் சென்றான்' என்பதற்கும் காதில் பெரிய வித்தியாசம் விழுவதில்லை. அவற்றுக்குக் கண்தான் வேண்டும், சிவப்புப் பேனாதான் வேண்டும். போன் திரையில் பிழை பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். வரி நகர்ந்துகொண்டே இருந்தால் கண் சறுக்குகிறது. போன் படிக்கட்டும், நான் தாளில் பார்க்கிறேன் என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்.

சந்தேகச் சொற்களை வாரம் முழுக்க டைரியில் குறித்துவைத்து, சனிக்கிழமை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்துக்குப் போவது என் வழக்கம். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதியாக வெளியிட்ட பேரகராதியைப் பார்த்துத் தீர்த்துக்கொண்டு வருவேன். அந்த ஆறு தொகுதியையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தளத்தில் இப்போது யாரும் பார்க்கலாம். இருபது வினாடி வேலை. அதனால் சனிக்கிழமைப் பயணம் நின்றது. சந்தோஷம்தான், ஆனால் இரண்டு மாதத்தில் முட்டி பிடித்துக்கொண்டது. வாரத்துக்கு ஒருமுறையாவது அது என்னை நான்கு கிலோமீட்டர் நடக்கவைத்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தபின் சனிக்கிழமையை மறுபடி எடுத்துக்கொண்டேன். அகராதிக்காகப் போவதில்லை, நடப்பதற்காகவும் குளிர்சாதனத்துக்காகவும் போகிறேன்.

தேடுபொறியை மட்டும் எழுத்துப்பிழைக்கு சாட்சியாகக் கூப்பிடாதீர்கள். 'முயற்ச்சி' என்று போட்டுத் தேடிப் பாருங்கள், வந்து கொட்டும். ஒரு பிழையை எத்தனை பேர் செய்திருக்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்லும்.

பணத்துக்கு வருகிறேன். யு.பி.ஐ. வந்தது 2016இல். ஆறு வருடம் அதைத் தொடாமல் இருந்தவன் நான். டீக்கடையில் சில்லறை இல்லை என்று மாஸ்டர் முகம் சுளிக்கும் அளவுக்கு உலகம் மாறியபின் இறங்கினேன். இறங்கும்போது ஒரு காரியம் செய்தேன், அதை இன்றைக்கும் நல்ல காரியமாக நினைக்கிறேன். வேறு வங்கியில் புதிதாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, அதை மட்டும்தான் போனில் இணைத்தேன். அதில் 5,000 ரூபாய்க்கு மேல் வைப்பதில்லை. தீர்ந்தால் பாஸ்புக் கணக்கிலிருந்து நேரில் போய் மாற்றிக்கொள்வேன். போனதென்றால் ஐயாயிரத்தோடு போகட்டும். 

முதல் அடி சந்தையில் வாங்கினேன். காய்க்கு 200 ரூபாய் ஆயிற்று. ஸ்கேன் செய்து, எண்ணைப் போட்டு, ரகசிய எண்ணையும் அடித்துவிட்டுப் பையைத் தூக்கினேன். தட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒலிப்பெட்டி, இரண்டாயிரம் வந்துவிட்டது என்று சத்தமாகச் சொன்னது. எனக்குக் காதில் விழுந்ததே தவிர உறைக்கவில்லை. கடைக்கார அம்மாதான் கூப்பிட்டார். "ஐயா, நில்லுங்க. ஒரு சைபர் கூடப் போட்டுட்டீங்க." மீதியை நோட்டாக எண்ணிக் கொடுத்துவிட்டு, "பொஸ்தகத்துல தப்புக் கண்டுபுடிக்கிறவருன்னு அக்கா சொல்லுச்சே" என்று சிரித்தார். அக்கா என்றது என் மனைவியை. அன்றிலிருந்து ரகசிய எண்ணை அடிக்கும் முன், மேலே வரும் பெயரையும் தொகையையும் வாய்விட்டுப் படிப்பேன். "முருகன் காய்கறி, இருநூறு." க்யூவில் பின்னால் நிற்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது அடி விழப் பார்த்தது. ஒரு மாலை குறுஞ்செய்தி வந்தது. போன மாத மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30க்கு இணைப்பைத் துண்டிக்கிறோம், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று இருந்தது. ஆங்கிலத்தில் மூன்று பிழை. அதைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டேன், அதுதான் வெட்கம். தொழிலில் நாற்பது வருடம், பிழையும் கண்ணில் பட்டது, ஆனாலும் இருட்டில் உட்கார வேண்டுமே என்ற பயம் முந்திக்கொண்டது. எதிர்முனை மிகவும் மரியாதை. "சார், ஒரு ஆப் அனுப்புறேன், போட்டுட்டு வர்ற நம்பரை மட்டும் சொல்லுங்க, நான் அப்டேட் பண்ணிடறேன்." அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "யாருங்க? கரண்டு பில்லா? அது ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான வரும். போன வாரந்தான கட்டுனேன்." போன மாதக் கட்டணம் என்று ஒன்று எங்கள் வீட்டில் கிடையவே கிடையாது. வைத்துவிட்டேன். கை நடுங்கியது.

எழுத்துப்பிழையை வைத்து மோசடியைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நம்பாதீர்கள். இப்போதெல்லாம் பிழையே இல்லாமல் எழுதுகிறார்கள். நான் டைரியில் எழுதிவைத்திருப்பவை வேறு. பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும், பணம் வாங்க எதையும் அடிக்க வேண்டியதில்லை, எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. வந்த செய்தியில் உள்ள எண்ணைக் கூப்பிடாமல், பழைய ரசீதில் உள்ள எண்ணைக் கூப்பிட வேண்டும். தெரியாதவர் சொல்லி எந்தச் செயலியையும் போடக் கூடாது, நம் திரையை அவர் அப்படியே பார்க்கும் வேலை அதில்தான் நடக்கிறது. வீடியோவில் காக்கிச்சட்டையோடு வந்து உங்களைக் கைது செய்திருக்கிறோம் என்றால் வைத்துவிட வேண்டும், அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் அழுவதற்கு முன், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு. டைரியின் அதே பக்கத்தில் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணும், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணும், இருக்கிறது. *#06# அடித்தால் திரையில் வரும். போன் தொலைந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதைக் கொடுத்து முடக்கச் சொல்லலாம். ஆனால் அந்த எண்ணை போனுக்குள்ளேயே சேமித்துவைத்து என்ன பயன்? என் டைரி சட்டைப்பைக்குத் திரும்பி வந்தது இப்படித்தான்.

செலவுக் கணக்கும் டைரிக்கே திரும்பியது. நோட்டை எடுத்துக் கொடுக்கும்போது எண்ணிக் கொடுப்போம், அது நினைவில் நிற்கும். ஸ்கேன் செய்தது நிற்பதில்லை. இரண்டு மாதம் கணக்கு எழுதாமல் விட்டதில், வடையும் டீயுமாகவே எவ்வளவு போயிருந்தது என்று பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மூடிவைத்தேன். இப்போது இரவு ஒன்பது மணிக்குப் பட்டியலைத் திறந்து, பார்த்துப் பார்த்துப் பேனாவால் எழுதுகிறேன். 

இரவு ஒன்பது என்றதும் ஞாபகம் வருகிறது. நான் பயந்தது பணத்துக்கு. திருட்டுப்போனது தூக்கம். ஒரு நாள் பட்டிமன்றம் ஒன்று பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். முடிந்ததும் அடுத்தது தானாகவே வந்தது. அது வில்லுப்பாட்டு, அதற்கடுத்து யாரோ கிணறு வெட்டுகிறார்கள், அதற்கடுத்து எங்கோ ஒரு ஆள் கத்திக்குச் சாணை பிடிக்கிறார். கத்திக்குச் சாணை பிடிப்பதை நான் ஏன் இரவு 1.40க்குப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் குனிந்த தலைகளைத் திட்டிய ஆள், கட்டிலில் குனிந்துகொண்டிருந்தேன்.

பேரன்தான் ஒரு இடத்தைக் காட்டினான். ஒரு நாளில் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம், எத்தனை முறை போனைத் திறந்தோம் என்று போனே கணக்கு வைத்திருக்கிறது. முந்தைய நாள் கணக்கு 4 மணி 50 நிமிடம், திறந்தது 93 முறை. அதில் வேலைக்கான நேரம் ஒன்றே கால் மணி. என் கூலிக்கு நானே கணக்குப் போட்டால் அது எத்தனை பக்கம் என்று தெரியும். அதனால் வலித்தது.

செயலிக்கு நேர வரம்பு வைத்துப் பார்த்தேன். வரம்பு முடிந்ததும் ஒரு எச்சரிக்கை வரும், அதை நீக்கிவிட்டுப் பார்ப்பேன். பூட்டும் நான், சாவியும் நான், என்ன பிரயோஜனம்? வேலை செய்தது இரண்டே. திரையைக் கறுப்பு வெள்ளையாக்கியது ஒன்று. வண்ணம் போனதும் பாதி ஆசை போய்விடுகிறது. இன்னொன்று, இரவு ஒன்பதரைக்கு போனை அடுக்களையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கப் போவது. அலாரத்துக்கு என்ன செய்வது என்று ஒரு சாக்கு உடனே மனதில் வந்தது. விளக்குத்தூணுக்குப் போய் ஒரு டைம்பீஸ் வாங்கிவந்தேன். டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. மனைவி முதல் வாரம் திட்டினாள், இப்போது அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை.

அப்புறம் சிவகாசி. புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்களை அங்கே ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவார்கள், அதற்கு முன் பிழை பார்க்கும் வேலை இருக்கும். 2023இல் அப்படி ஒரு நாள் போனேன். ரயில் டிக்கெட்டை போனிலேயே எடுத்தேன். முன்பதிவில்லாத டிக்கெட் அப்போது ரயில்வேயின் யு.டி.எஸ். செயலியில் கிடைத்தது, 2025 ஜூலையிலிருந்து ரயில்ஒன் செயலியில் கிடைக்கிறது. கவுண்டரில் நிற்காத பெருமையில், அன்று சட்டைப்பையில் பணமே வைத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்கக் காதில் குரலை ஓடவிட்டு ராகு காலம், எமகண்டம் எல்லாம் சரிபார்த்தேன். மாலை ஆறரைக்கு பஸ் நிலையத்தில் நின்று போனை எடுத்தால் திரை கறுப்பு. 

அப்போது பஸ்ஸில் காசுதான் கேட்பார்கள், கையில் ஒரு ரூபாய் இல்லை. யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம் என்றால், யார் எண் ஞாபகம் இருக்கிறது? மனைவி எண் தெரியாது. மகள் எண் தெரியாது. நான் வேலை பார்த்த அச்சகத்தின் தரைவழி எண் மட்டும் மணிமணியாக ஞாபகம் வந்தது. அந்த அச்சகம் மூடிப் பதினைந்து வருடம். கடைசியில் ஒரு டீக்கடையில், "தம்பி, ஒரு கால்மணி நேரம் சார்ஜ் போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டுப் பாய்லருக்குப் பக்கத்தில் இருந்த சொருகியைக் காட்டினார். போன் உயிர்பெற்றதும் அவருக்கே 200 ரூபாய் அனுப்பி, டீக்குப் போக மீதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ரயிலிலேயே போன் அணைந்திருந்தால் இன்னும் மோசம். போன் டிக்கெட்டைக் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாத பயணி என்றுதான் கணக்கு, அதன் படத்தை எடுத்துவைத்துக் காட்டினாலும் செல்லாது. இப்போது போகும்போது போன், திரும்பும்போது கவுண்டர். டைரியின் பின்னட்டைக்குள் மூன்று நூறு ரூபாய் நோட்டு நிரந்தரமாக இருக்கிறது. மனைவி, மகள் எண்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். தினம் காலையில் பல் துலக்கும்போது இரண்டையும் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். மகள் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் இன்னும் தடுமாறுகிறது.

காரைக்குடி அண்ணனைப் பாதியில் விட்டுவிட்டேன். ஊருக்குப் போன நாளிலிருந்து எங்களுக்குள் மாதம் ஒரு அஞ்சலட்டை. 50 பைசா அட்டையில் இண்டு இடுக்கு விடாமல் எழுதுவார். போன் வந்தபின் நான் அவருக்குக் குரல்செய்தி அனுப்ப ஆரம்பித்தேன், அவர் மகன் போனில் கேட்பார். எழுதுவதைவிடச் சுலபம், வாரம் இரண்டுகூட அனுப்பினேன். கண்பார்வை குறைந்தவருக்கு இதுதான் வசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன தீபாவளிக்கு நேரில் போயிருந்தபோது, அந்தப் படிக்கும் குரலை அவருக்கு ஓடவிட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான் படிக்குது. தட்ட மட்டும் தெரியல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ பேசி அனுப்புறது நல்லாருக்குப்பா. ஆனா மறுநா எடுத்துப் பாக்க ஒண்ணும் இருக்க மாட்டேங்குதே" என்றார். அலமாரியில் என் அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு வருடவாரியாக வைத்திருந்தார். கடைசிக் கட்டு 2022 மார்ச்சோடு நின்றிருந்தது.

ஊருக்கு வந்ததும் தபால் நிலையத்தில் பத்து அட்டை வாங்கினேன். முதல் அட்டையில் பேரன் பரீட்சை, முட்டி வலி, சிவகாசிக் கதை எல்லாம் எழுதினேன். கை பழக்கம் விட்டுப்போய் எழுத்து கோணலாக வந்தது. ஒரு வாரம் கழித்து அவர் மகன் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். என் அட்டையைத்தான் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆறாவது வரியில் 'போனை எடுத்து சென்றேன்' என்று எழுதியிருக்கிறேன். அதைச் சிவப்பால் வட்டம் போட்டு, ஓரத்தில் நடுங்கும் கையெழுத்தில் ஒரு 'ச்' வைத்திருந்தார். கீழே இரண்டு சிவப்புப் புள்ளி. டொக்டொக்.